மாசி மகத்து மேடையும் லிவர்பூல் லாரியும்

விருத்தாசலத்தில் மெல்லிசைக் கச்சேரி களைகட்டியிருந்த காலத்தில், மேடைக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகை சாய்த்து வைத்திருப்பார்கள். அதில் வரிசையாக இரண்டு மூன்று வெள்ளைப் பீங்கான் ப்யூஸ் கேரியர்கள். கூட்டம் முழுக்கப் பாடுகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். மைக்செட்காரர் கண் மட்டும் அந்தப் பலகையை விட்டு நகராது. ஆம்ப்ளிஃபயர், புளியமரத்தில் கட்டிய குழல் ஸ்பீக்கர், மேடை விளக்கு, சீரியல் பல்பு எல்லாவற்றுக்கும் போகிற கரண்ட், அந்தப் பீங்கானுக்குள் ஓடுகிற ஒரு மெல்லிய கம்பியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அந்தப் பீங்கான் எங்கள் ஊர்ச் சரக்கு. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே வெள்ளைக் களிமண் படிந்து கிடக்கிறது. அதோடு ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் சேர்த்து அரைத்து, தண்ணீரை வடித்து, தூளாக்கி, இரும்பு அச்சில் போட்டு அழுத்தி எடுப்பார்கள். காய்ந்ததும் கிளேஸ் கலவையில் முக்கி, 1,200 டிகிரிக்கு மேல் சூளையில் சுடுவார்கள். வெளியே வரும்போது பால்போல் வெளுத்து, தட்டினால் கணீரென்று ஒலிக்கும். எத்தனை ஆயிரம் வீடுகளின் மின்சாரப் பலகையில் இந்த ஊர்ப் பீங்கான் உட்கார்ந்திருந்தது என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. பொங்கல் கச்சேரியும் மாசி மகக் கச்சேரியும் அதை நம்பித்தான் நடந்தன.

பெரிய பாட்டாகப் பார்த்துத்தான் ப்யூஸ் போகும். எல்லா வாத்தியமும் சேர்ந்து எழும்புகிற இடத்தில் விளக்கு மங்கும், ஸ்பீக்கர் ஒரு முறை கரகரத்து அடங்கிவிடும். மைக்செட்காரர் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிவார். கேரியரைப் பிடுங்கி, கருகிய துணுக்கை ஊதித் தள்ளி, திருகைத் தளர்த்தி, புதுக் கம்பியை ஒற்றை இழையாக விடுவதா இரட்டையாக முறுக்குவதா என்று ஒரு கணம் யோசிப்பார். கச்சேரி நடந்தாக வேண்டுமே, இரட்டையாகத்தான் முறுக்குவார். அதற்குள் மேடையில் ஒரு வேடிக்கை நடந்துகொண்டிருக்கும். கிடாரும் ஆர்கனும் ஊமையாகிவிட்டன. தபேலா நிற்கவில்லை, பேங்கோ நிற்கவில்லை, அக்கார்டியன் மூச்சு விடுகிறது, பாடகர் தொண்டையைத் திறந்து வெறுங்குரலில் பாடிக்கொண்டிருக்கிறார். முன்வரிசைக்காரர்கள் பின்வரிசையைப் பார்த்து 'சூ' என்று அடக்குவார்கள். குழுவின் உண்மையான பலம் அந்த இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதருக்கு மாசி மகம் என்றால் சுற்றுப்பட்ட கிராமமெல்லாம் ஊருக்குள் வந்துவிடும். ஆறாம் நாள் விபசித்து முனிவருக்குக் காட்சி கொடுக்கிற விழா, பிறகு தேர். அந்த நாட்களில் ராத்திரிக்கு ஒரு மேடை இருக்கும். கடலூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ குழு வரும். ஜங்ஷன் ஊர் என்பதால் நடுராத்திரிக்குக் கச்சேரி முடிந்தாலும் வண்டி கிடைக்கும். பிள்ளையார் பாட்டில் தொடங்கி, முருகன், மாரியம்மன், அப்புறம் சினிமா. அறிவிப்பாளர் இலங்கை வானொலியைக் கேட்டுக் கேட்டுக் குரலைப் பழக்கி வைத்திருப்பார். படத்தின் பெயர், இசையமைத்தவர், எழுதியவர், பாடியவர் என்று முழுதாகச் சொல்லாமல் ஒரு பாட்டும் ஆரம்பிக்காது. கூட்டத்திலிருந்து பாட்டுக் கேட்டுச் சீட்டு வரும். பாடகரின் சட்டையில் பத்து ரூபாய் நோட்டு குத்தப்படும். குத்தியவர் பெயரும் அவர் தெருவின் பெயரும் மைக்கில் ஒலிக்கும்.

அந்த மேடைக்கு ஊர் கொடுத்த உச்சபட்சப் பாராட்டு ஒன்று உண்டு: “அப்படியே ரெக்கார்டு மாதிரியே இருந்தது.” டி.எம்.எஸ். குரலில் இம்மியும் பிசகாமல் பாடினவர் பெரிய பாடகர். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வருகிற இசையைக் கேசட்டில் பத்து இருபது தடவை ஓட்டி ஓட்டிக் கேட்டு, காகிதத்தில் குறித்து, அப்படியே வாசித்தவர் பெரிய வாத்தியக்காரர். நான் அந்தத் திறமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எண்பதுகளில் ஒரு இளையராஜா பாட்டின் பேஸ் கிடாரை ஒட்டுக்கேட்டு எடுப்பதென்றால், மலிவு டேப்ரெக்கார்டரில் அந்த அடிநாதம் காதில் விழவே விழாது. ஊகித்து, கட்டையில் தேடி, கண்டுபிடிக்க வேண்டும். அப்படிக் கண்டுபிடித்தவர்கள் நம் சிற்றூர்களில் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். கூட்டம் கேட்டதெல்லாம் அடுத்தவர் பாட்டுதான். அவர்கள் சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டினால் அதைப் பாட மேடையில் இடம் இல்லை, சீட்டும் வராது.

இதே மாதிரி ஒரு கோயில் திருவிழாவில்தான் உலகத்தின் மிகப் பெரிய ராக் குழுவும் பிறந்தது. 1957 ஜூலை 6. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் ஊல்டன் என்ற பகுதியில் செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்தின் ஆண்டு விழா. ஊர்வலத்தில் ஒரு லாரி. அதன் முதுகில் குவாரிமென் என்று பெயர் வைத்துக்கொண்ட பள்ளிப் பையன்கள் வாசித்துக்கொண்டே போனார்கள். பாடியது பதினாறு வயது ஜான் லெனன். அன்றுதான் பதினைந்து வயது பால் மெக்கார்ட்னி அவரைச் சந்தித்தார். லெனன் அன்று பாடியதெல்லாம் அடுத்தவர் பாட்டு. சில பாட்டுக்கு வரிகள் முழுசாகத் தெரியாது. தெரியாத இடத்தில் தன் சொற்களைப் போட்டு நிரப்பிப் பாடினார். மெக்கார்ட்னிக்கு அதுதான் பிடித்துப்போனது.

அவர்களிடம் இருந்த வாத்தியங்களையும் பார்க்க வேண்டும். துணி துவைக்கிற நெளிநெளித் தகரப் பலகையும் ஒரு தாள வாத்தியம். பேஸ் வாத்தியத்துக்கு ஒரு காலித் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, அதில் ஒரு கம்பை நட்டு, கயிறு கட்டி மீட்டுவது அன்றைய பையன்களின் வழக்கம். லிவர்பூல் துறைமுக நகரம். அந்த மாதிரிப் பெட்டிகளில்தான் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தேயிலை அங்கே போய்க்கொண்டிருந்தது.

அடுத்த வருஷம், 1958-ல், தேயிலை விளைகிற இடத்திலேயே ஒரு தமிழ்க் குழு பாடிக்கொண்டிருந்தது. கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தல். இ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் அமைச்சரவைக்கு ஒவ்வொரு இடமும் உயிர்நாடி. கம்யூனிஸ்ட் கட்சி ரோசம்மா புன்னூஸை நிறுத்தியது. தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களிடம் தமிழில் பேச, பாட ஆள் வேண்டும். மலைக்கு இந்தப் பக்கம் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் ஆர்மோனியத்தோடு ஏறிப் போனார். ஊருக்குத் தெரிந்த சினிமா மெட்டு, கிராமத்து மெட்டு. அதன்மேல் அவர் எழுதிய வரிகள். கூலி, லயன் வீடு, கங்காணி என்று தோட்டத்து வாழ்க்கையைத் தெரிந்த மெட்டில் கேட்டவர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார்.

பாவலர் பிரதர்ஸ் என்று அந்தக் குழுவுக்குப் பெயர். தம்பிகள் பாஸ்கர், ராசையா, அமர்சிங். மேடையில் பெண்குரல் வேண்டிய பாட்டைச் சிறுவன் ராசையா பாடுவார். குரல் உடைந்த பிறகு ஆர்மோனியத்துக்கு மாறினார். ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே வண்டி, ஊர் ஊராகக் கச்சேரி, பத்து வருஷத்துக்கும் மேல். லிவர்பூல் பையன்கள் 1960 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக்குப் போய், மதுக்கூடங்களில் ராத்திரி முழுக்க மணிக்கணக்கில் வாசித்துத் தேர்ந்தார்கள் என்று எல்லோரும் எழுதுவார்கள். எங்கள் பக்கத்து ஹாம்பர்க் கட்சி மாநாட்டுப் பந்தலும் தேர்தல் தெருமுனையும்தான். உழைப்பில் இரண்டுக்கும் ஏற்றத்தாழ்வு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. பீட்டில்ஸ் என்று பெயர் மாறிய குழுவின் முதல் இசைத்தட்டு 1962 அக்டோபரில் வந்தது. 1963 பிப்ரவரி 11 அன்று முதல் ஆல்பத்தின் 14 பாட்டில் 10 பாட்டை ஒரே நாளில் பதிவு செய்து முடித்தார்கள். ஹாம்பர்க்கில் தேய்ந்த தொண்டைக்கு அது முடிந்தது. அந்த 14-ல் 8 பாட்டு லெனனும் மெக்கார்ட்னியும் எழுதியவை. குழு என்றால் அடுத்தவர் பாட்டை வாசிப்பது என்ற வழக்கம் அங்கே அதோடு மாறத் தொடங்கியது. தாங்களே எழுதி, தாங்களே மெட்டமைத்து, தாங்களே வாசித்து, தங்கள் பெயரிலேயே விற்பது. பின்னால் வந்த பிரிட்டிஷ் ராக் குழுக்களில் பெரும்பாலானவை அந்த வழியில்தான் நடந்தன.

இங்கே ஏன் அது நடக்கவில்லை? திறமை இல்லாமல் இல்லை. பீட்டில்ஸ் தட்டை வெளியிட்ட இஎம்ஐ கம்பெனியின் இந்தியக் கிளைதான் கல்கத்தா டம் டம்மில் இருந்த கிராமபோன் கம்பெனி. நம் வீட்டு நாய் முத்திரைத் தட்டுகள் அங்கிருந்துதான் வந்தன. அதே கம்பெனி இங்கே விற்றது சினிமாப் பாட்டு. பக்திப் பாட்டுக்குத் தட்டு உண்டு, கட்சிப் பாட்டுக்கு உண்டு; நாகூர் ஹனிபா அந்த இரண்டிலும் சினிமாவைச் சாராமல் தனக்கென்று ஒரு கூட்டத்தை வைத்திருந்தார். ஆனால் நான்கு பேர் சேர்ந்து தங்கள் காதலையும் கோபத்தையும் தெருவையும் பாடினால் அதைத் தட்டாகப் போட ஆள் இல்லை. ஆகவே குழுவில் யார் தேறினாரோ அவர் மெட்ராஸுக்கு வண்டி ஏறினார். ராசையாவும் சகோதரர்களும் 1968-ல் ஏறினார்கள். வழிச்செலவுக்குத் தாய் சின்னத்தாய் வீட்டு ரேடியோவை விற்றுக் கொடுத்தார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிடார் பரீட்சை, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை. 1976-ல் 'அன்னக்கிளி'. ராசையா இளையராஜா ஆனார். பாவலர் பிரதர்ஸ் என்ற குழு முடிந்துபோனது.

அதற்காக வருத்தப்பட வேண்டுமா என்று கேட்டால், எனக்கு ஒரே பதில் இல்லை. சினிமாவுக்குள் போனதால்தான் விருத்தாசலத்து டீக்கடைக்கு அந்த இசை வந்தது. பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றி அந்த நாட்டைக் கிறுகிறுக்க வைத்த அதே 1964 பிப்ரவரியில் இங்கே 'காதலிக்க நேரமில்லை' வெளியானது. 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' என்று ரவிச்சந்திரன் கூட்டாளிகளோடு கூத்தடித்தபோது, ராக் அண்ட் ரோல் என்ற பெயரே தெரியாமல் நம் ஜனங்கள் அதற்குக் கால் தட்டினார்கள். எலெக்ட்ரிக் கிடாரும் டிரம்ஸும் விஸ்வநாதன்–ராமமூர்த்தி வழியாகவும் பிறகு ராஜா வழியாகவும் நமக்குப் பழகிப்போயின. கிடார் வாசித்தவர் யார், டிரம்ஸ் அடித்தவர் யார் என்பது மட்டும் தட்டின் உறையில் கிடையாது. லிவர்பூலில் டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டாரின் பெயர் உலகத்துக்கே தெரியும். கோடம்பாக்கத்தில் அதே அளவு வாசித்தவர்களின் பெயர் வாத்தியக்காரர் சங்கத்து நோட்டுப் புத்தகத்தில் மட்டும் இருந்தது.

ஒரே ஒரு திசையிலிருந்து வேறு மாதிரிச் சத்தம் கேட்டது. அது இலங்கை. எழுபதுகளில் அங்கே பொப்பிசை என்று ஒரு அலை. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.இ. மனோகரனின் 'சுராங்கனி' இவையெல்லாம் எந்தப் படத்திலும் வராமல் தாமாகவே பிறந்த பாட்டுகள். கிடாரும் பைலா தாளமும் யாழ்ப்பாணப் பேச்சும் கலந்து ரேடியோவில் வந்தபோது, படத்தின் பெயர் சொல்லாமல் ஒரு பாட்டு அறிவிக்கப்பட்டதே நம்மவர்களுக்குப் புதுசு. கச்சேரி மேடையில் 'சுராங்கனி' பாடாத குழு அன்று இல்லை. ஆனாலும் அந்த விதை இங்கே முளைக்கவில்லை. சினிமாவே அதையும் எடுத்துக்கொண்டது. எண்பதுகளில் சென்னையில் ரூட்ஸ், நெமிசிஸ் அவென்யூ என்று ராக் குழுக்கள் இருந்தன. இரண்டிலும் கீபோர்டு வாசித்த இளைஞர் 1992-ல் 'ரோஜா'வுக்கு இசையமைத்தார், ஏ.ஆர். ரஹ்மான் பிறந்த கதையும் பழைய பாதையில்தான் போனது.

இனி இன்றைக்கு வருகிறேன்.

மேடை மாறியது வாத்தியத்திலிருந்து தொடங்கியது. 1985-ல் ரோலண்ட் கம்பெனி ஆக்டபேட் கொண்டுவந்தது. எட்டுச் சதுர ரப்பர்த் தட்டு. குச்சியால் தட்டினால் டிரம்ஸ், இன்னொன்றைத் தட்டினால் வேறு தாளம். கொஞ்ச வருஷத்தில் அது சிற்றூர்க் குழுக்களுக்கும் வந்து, நாலு தாளக்காரர் உட்கார்ந்த இடத்தில் ஒருவர் நின்றார். கீபோர்டு வந்ததும் அக்கார்டியனும் புல்லாங்குழலும் வயலினும் அதற்குள் போயின. பதினைந்து பேர் குழு ஏழாகி, ஏழு நாலாகி, இன்று பல விழாக்களில் இரண்டு பாடகர்களும் ஒரு லேப்டாப்பும். பாட்டின் இசை 'டிராக்'காக வருகிறது, அதன்மேல் பாடுகிறார்கள். ரெக்கார்டு மாதிரியே இருக்கிறது என்று இப்போது யாரும் பாராட்டுவதில்லை. கேட்பதே ரெக்கார்டுதானே. கரண்ட் போனால் பாடகரைத் தவிர எல்லாம் நின்றுவிடுகிறது. பெரும்பாலும் அவரும் நின்றுவிடுகிறார், பிடித்துக்கொள்ள ஒரு தாளம் பக்கத்தில் இல்லாததால்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பதினைந்து பேருக்குச் சம்பளம், சாப்பாடு, வேன் வாடகை என்றால் விழாக் கமிட்டி எங்கே போகும்? மிச்சக் காசு எல்இடி திரைக்குப் போகிறது. நன்றாகப் பாடுகிற பிள்ளைகளுக்கு 2006-லிருந்து சூப்பர் சிங்கர் போன்ற தொலைக்காட்சி மேடை இருக்கிறது. அங்கே போனால் ஒரு வாரத்தில் தமிழ்நாடே பார்க்கும். பழைய கிடார்க்காரர்களில் சிலர் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். தேவாலயப் பாடல் குழுக்களில் மட்டும் வாத்தியம் கை மாறாமல் வாழ்கிறது. விருத்தாசலத்தில் இன்று ஒரு பையன் கிடார் பிடிக்கிறான் என்றால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அதைப் பார்த்திருப்பான், இல்லாவிட்டால் யூடியூபில்.

ப்யூஸ் கேரியரும் வீடுகளிலிருந்து போய்விட்டது. அதன் இடத்தில் எம்சிபி ஸ்விட்ச். விழுந்தால் விரலால் தூக்கிவிட வேண்டியதுதான். எங்கள் ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டைக்கு இது சின்ன அடி இல்லை. அரசின் டாசெல் பீங்கான் ஆலை மூடிவிட்டது. பொம்மைகளும் ஜாடிகளும் விளக்குகளும் இன்னும் சூளையேறுகின்றன. கொலு பொம்மைக்கு வருஷா வருஷம் ஆர்டர் வருகிறது, சீனத்துச் சரக்கோடு விலையில் மல்லுக்கட்டித்தான். ஆனால் பீங்கான் இசையை விட்டுப் போகவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிருக்கிறது. ஸ்பீக்கரின் முதுகில் கருப்பாக ஒரு வளையம் இருக்கிறதே, அந்தக் காந்தம் ஃபெரைட். இரும்பு ஆக்சைடைப் பிசைந்து சூளையில் சுட்ட பீங்கான் இனம். வயர் செருகி வாசிக்கிற மரக் கிடாரில் தந்தி உட்காருகிற பாலத்துக்கு அடியில் பல மாடல்களில் ஒரு மெல்லிய பீங்கான் துண்டு வைத்திருக்கிறார்கள். தந்தி அதிர்ந்தால் அது அழுத்தப்படும். அழுத்தப்பட்டால் அதில் மின்சாரம் பிறக்கும். அந்த மின்சாரம்தான் பாட்டாக வெளியே வருகிறது. எங்கள் ஊரில் பீங்கான் தொழில்நுட்பம் கற்றுத்தர அரசு நிறுவனமே இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகள் இதைப் பாடமாகப் படிக்கிறார்கள். அதில் ஒருவராவது கிடாரையும் கையில் எடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

தமிழில் குழு என்பதன் பொருள் மாறியதை நான் உணர்ந்தது 2018-ல். ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து கூட்டிய 19 பேர். கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், சட்டியும் பறையும் வாசிக்கிறவர்கள், ராக் கிடாரும் டிரம்ஸும் வாசிக்கிறவர்கள். கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். அயோத்திதாசரின் சிந்தனையிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். இட ஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு, மாட்டுக்கறியைப் பற்றி ஒரு பாட்டு, அம்பேத்கரைப் பற்றி ஒரு பாட்டு, வடசென்னையைப் பற்றி ஒரு பாட்டு. ஒன்றுகூட எந்தப் படத்திலும் வந்ததில்லை. ஆயிரக்கணக்கில் வந்த கூட்டம் தனக்குத் தெரியாத பாட்டை நின்று கேட்டது. மெல்லிசை மேடையின் பழைய சட்டம் அங்கே உடைந்தது: தெரியாத பாட்டுக்குச் சீட்டு வராது என்று நம்பியிருந்தோமே, அது.

சாவு வீட்டிலும் தெருமுனையிலும் பெரும்பாலும் ஆண்களே பாடிக்கொண்டிருந்த கானாவை அந்த மேடையில் இசைவாணி பாடினார். 2020-ல் பிபிசியின் உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. சபரிமலை பற்றி அவர் பாடிய ஒரு பாட்டுக்காகப் பல வருஷம் கழித்தும் மிரட்டல்கள் வந்தன. சொந்தப் பாட்டு பாடுகிறவர் அதற்கான விலையையும் சொந்தமாகவே கொடுக்க வேண்டியிருக்கிறது. சினிமாப் பாட்டு பாடிய மெல்லிசை மேடைக்காரர்களுக்கு அந்த ஆபத்து இருந்ததில்லை.

அந்தக் குழுவிலிருந்த ராப் பாடகர் அறிவு 2019-ல் 'தெருக்குறள்' ஆல்பத்தை வெளியிட்டார். 2021 மார்ச்சில் பாடகி தீயோடு சேர்ந்து, சந்தோஷ் நாராயணன் இசையில் 'எஞ்சாய் எஞ்சாமி'. அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்து, பிறகு தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர். 1964-ன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அப்படி லட்சக்கணக்கான தோட்டத் தமிழர்களைக் கப்பலேற்றியது. காடு வெட்டி, தேயிலை நட்டு, நிலம் மட்டும் சொந்தமாகாமல் போனவர்களின் கதை அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. பாவலர் வரதராஜன் தேவிகுளத்தில் பாடியது இதே மாதிரித் தொழிலாளர்களுக்கு. அப்போது மெட்டு கடன் வாங்கியது. இப்போது மெட்டும் சொல்லும் அவர்கள் பேரப்பிள்ளைகளுடையது. கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். விருத்தாசலத்து ஆட்டோக்களிலும் கல்யாண மண்டபங்களிலும் படத்தின் பெயர் இல்லாத ஒரு பாட்டு அந்த வருஷம் முழுக்க ஓடியது.

ஆனால் சொந்தமாகப் பாடிவிட்டால் பாட்டு சொந்தமாகிவிடும் என்பதும் நிச்சயமில்லை. 'எஞ்சாய் எஞ்சாமி'யை உருவாக்கியதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வி 2022-ல் வெளியே வந்தது. அந்தப் பாட்டால் தங்கள் மூவருக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் சொன்னார். பீட்டில்ஸுக்கும் இதே கதைதான். லெனனும் மெக்கார்ட்னியும் எழுதிய பாட்டுகளை வைத்திருந்த நார்தர்ன் சாங்ஸ் கம்பெனி 1969-ல் ஏடிவி நிறுவனத்தின் கைக்குப் போனது. 1985-ல் அந்தப் பாட்டுத் தொகுப்பை மைக்கேல் ஜாக்சன் நாலே முக்கால் கோடி டாலர் கொடுத்து வாங்கினார். எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே அவர் பாட்டின் உரிமையை இன்னொருவர் ஏலம் கேட்கிற மாதிரி வாங்க முடிந்தது. இங்கே 2017-ல் எஸ்.பி. பாலசுப்ரமணியம் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது, என் பாட்டை அனுமதியில்லாமல் பாடக் கூடாது என்று இளையராஜா வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். நாற்பது வருஷ நட்பு என்று ஊரே அங்கலாய்த்தது. எனக்கு அதில் வேறொன்று பட்டது. மேடையில் அடுத்தவர் மெட்டைப் பாடிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்த ஒரு குழுவின் பையன், மெட்டு யாருடையது என்ற கேள்வியை அறுபது வருஷம் கழித்துக் கேட்கிறார். கேட்ட விதம் பிடிக்காமல் போகலாம். கேள்வி நியாயமானது.

அதே இளையராஜா 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தன் முதல் சிம்பொனியை அரங்கேற்றினார். எவென்டிம் அப்பல்லோ என்ற அரங்கம். பழைய பெயர் ஹாமர்ஸ்மித் ஓடியன். 1964 கிறிஸ்துமஸ் முதல் 1965 ஜனவரி நடுவரை பீட்டில்ஸ் தொடர் கச்சேரி நடத்தியது அதே கட்டடத்தில்தான். தேவிகுளம் தோட்டத்துப் பாட்டுக்காரரின் தம்பியும் தேயிலைப் பெட்டி வாசித்த பையன்களும் ஒரே மேடையில், அறுபது வருஷ இடைவெளியில், அவரவர் சொந்த இசையோடு.

எங்கள் ஊருக்கு அப்படிச் சொந்த இசை எப்போது வரும்? பிள்ளைகள் வந்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரிகிறது. செல்போனிலேயே தாளம் போட்டு, போர்வைக்குள் உட்கார்ந்து குரல் பதிவு செய்து, முந்திரிக்கொட்டை உடைக்கிற கை எரிச்சலையும் தண்ணீர் இல்லாத ஆற்றையும் நடுநாட்டுப் பேச்சிலேயே பாடி இணையத்தில் ஏற்றுகிறார்கள். இமையமும் கண்மணி குணசேகரனும் கதையில் கொண்டுவந்த அந்தப் பேச்சு இப்போது பாட்டில் கேட்கிறது. வராதது மேடை மட்டும்தான். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டினால் நியாயம் கிடைக்கும் என்று சனங்கள் சீட்டு எழுதிக் கட்டுகிறார்கள். இதற்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், விழாக் கமிட்டி மனது வைத்தால் போதும். சினிமாப் பாட்டு வேண்டாம் என்று யார் சொன்னது? ஒன்பது மணிக்குத் தொடங்கட்டும். அதற்கு முன்னால் எட்டரை மணிக்கு, உள்ளூர்ப் பிள்ளைகள் நாலு பேர் தாங்களே கட்டிய மூன்று பாட்டைப் பாடட்டும். அறிவிப்பாளர் வழக்கம்போல எழுதியவர் பெயர், மெட்டமைத்தவர் பெயர், வாசிப்பவர்கள் பெயர், அவர்கள் எந்தத் தெரு என்பது வரை முழுதாகச் சொல்லட்டும். பத்து ரூபாய் குத்துகிறவர்கள் அவர்களுக்கும் குத்தட்டும். இப்போது நூறாகக் குத்தினால் இன்னும் நல்லது.